காசநோய்க் கிருமியின் ஜீனோமில் தொடங்குங்கள்: வடசென்னை இளநிலை மாணவர்களுக்கு ஒரு பயோஇன்ஃபர்மேடிக்ஸ் வழிகாட்டி

இளநிலைப் படிப்பில் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் (உயிரியல் தரவைக் கணினியால் அலசும் துறை) பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். உயிரியல் படிக்கிறவர் பைத்தான் வகுப்பில் சேர்ந்து, நட்சத்திரக் கோலம் அச்சிடும் புரோகிராம்களையே ஒரு செமஸ்டர் முழுக்க எழுதுகிறார். கணினி அறிவியல் படிக்கிறவர் 20 அமினோ அமிலங்களின் பெயரை மனப்பாடம் செய்கிறார். இருவருமே உண்மையான ஒரு டி.என்.ஏ. வரிசையைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இங்கே சொல்லவருவது ஒன்றுதான். விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு சிறிய ஜீனோமை, அதாவது ஓர் உயிரியின் முழு டி.என்.ஏ. வரிசையை, எடுத்துக்கொள்ளுங்கள். உயிரியல், புரோகிராமிங், புள்ளியியல் மூன்றையும் அதன்மேலேயே பழகுங்கள். உங்களுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு எண்ணையும் தெரிந்த விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் பொருந்தாத இடத்தில்தான் படிப்பு நடக்கிறது.

எந்தப் பட்டம், எந்த குரூப்

பட்டத்தின் பெயரில் 'பயோஇன்ஃபர்மேடிக்ஸ்' இருந்தாக வேண்டும் என்பதில்லை. பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, உயிர்வேதியியல், விலங்கியல், தாவரவியல், கணினி அறிவியல், புள்ளியியல் என எதிலிருந்தும் இந்தத் துறைக்கு வரலாம். கல்லூரியில் சேரும்போது மூன்று விஷயங்களை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் கணிதமோ புள்ளியியலோ ஒரு தாளாவது உண்டா? கணினி ஆய்வகம் வகுப்பு நேரத்துக்கு அப்பாலும் திறந்திருக்குமா? கடைசி செமஸ்டரில் தனி புராஜெக்ட் உண்டா, அதன் தலைப்பை மாணவரே தேர்ந்தெடுக்க விடுவார்களா? இந்த மூன்றுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால் அந்தக் கல்லூரி போதும்.

பிளஸ் டூவில் கணிதம் எடுக்காமல் தாவரவியல், விலங்கியல் படித்து வந்தவர்கள் முதல் ஆண்டிலேயே அந்த இடைவெளியை அடைத்துவிட வேண்டும். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 11, 12-ஆம் வகுப்புக் கணிதப் புத்தகங்கள் தமிழிலேயே இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கின்றன. முழுவதும் வேண்டாம். மடக்கை, சேர்ப்பியல், நிகழ்தகவு, அணிகள், அடிப்படை வகைநுண்கணிதம் போதும். இவற்றிலும் நிகழ்தகவுக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். வரிசைகளைப் பொருத்துவது, பிழை மதிப்பிடுவது, மருந்து எதிர்ப்பைக் கணிப்பது எல்லாமே கடைசியில் நிகழ்தகவில்தான் போய் நிற்கின்றன.

கணினி

8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இருந்தால் இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாவற்றையும் செய்துவிடலாம். 16 ஜி.பி. ரேம் இருந்தால் நிம்மதி. புதிது வாங்க முடியாதவர்கள் ரிச்சி தெருவில் பழைய ஆஃபீஸ் லேப்டாப் பார்க்கலாம். விம்கோ நகர் பக்கமிருந்து மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடக்கும் தூரம். வாங்கும்முன் இரண்டைக் கவனியுங்கள். ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தால் பிறகு கூட்ட முடியாது. தனி ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். பேட்டரியைக் கழற்றாமலே அதன் ஆயுளைக் காட்டும் அறிக்கையை விண்டோஸிலேயே எடுக்கலாம். கடைக்காரர் முன்னாலேயே எடுத்துப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். முதல் இரண்டு ஆண்டுகளில் அதற்கு வேலையே வராது.

லேப்டாப்பே இல்லையென்றாலும் வழி உண்டு. கேலக்ஸி என்ற இலவச இணையத்தளத்தில் பிரவுசர் வழியாகவே தரவை ஏற்றி, பெரிய கணினிகளில் பகுப்பாய்வை ஓட்டலாம். கூகுள் கோலாபில் பைத்தான் எழுதலாம். ஆனால் இணைப்பு அறுந்து செஷன் முடிந்தால் அங்கே சேமித்த கோப்புகள் போய்விடும். எனவே முடிவுகளை உடனுக்குடன் கூகுள் டிரைவில் எழுதிவையுங்கள். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் போதாதவர்களுக்கு, 2024-இல் கொளத்தூரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் ஒரு நல்ல தேர்வு.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதை அழித்துவிட்டு லினக்ஸ் போடவேண்டியதில்லை. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். வசதியை நிறுவி, அதில் உபுண்டு போட்டுக்கொள்ளுங்கள். கோப்புகளை உபுண்டுவின் சொந்த ஹோம் ஃபோல்டரில் வையுங்கள். விண்டோஸின் சி டிரைவில் வைத்து லினக்ஸிலிருந்து திறந்தால் வேகம் பல மடங்கு குறைந்துவிடும். பலர் காரணம் புரியாமல் லேப்டாப்பைத் திட்டுவது இதனால்தான்.

மென்பொருள்களை கோண்டா என்ற நிறுவல் கருவி வழியாக, உயிரியல் மென்பொருள்களுக்கான பயோகோண்டா சேனலிலிருந்து நிறுவுங்கள். ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி என்விரான்மென்ட் (அதன் மென்பொருள்களுக்கு மட்டுமான தனி இடம்) உருவாக்குங்கள். எல்லாவற்றையும் அடிப்படை என்விரான்மென்டில் கொட்டினால், சில மாதங்களில் ஒரு மென்பொருள் கேட்கும் பதிப்பும் இன்னொன்று கேட்கும் பதிப்பும் மோதிக்கொள்ளும். அப்புறம் மொத்தமாக அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்துதான். கோப்பு, ஃபோல்டர் பெயர்களில் இடைவெளி விடாதீர்கள். டெர்மினல் அதை இரண்டு கோப்புகளாக எடுத்துக்கொள்ளும்.

ஏன் காசநோய்க் கிருமி

மனித ஜீனோம் கிட்டத்தட்ட 300 கோடி எழுத்துகள். அதை 30 மடங்கு ஆழத்தில் (ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக 30 முறை) படித்த ஒரே ஒருவரின் மூலத்தரவே உங்கள் லேப்டாப்பின் வட்டை நிரப்பிவிடும். காசநோய்க் கிருமியின் ஜீனோம் 44 லட்சம் எழுத்துகள்தான். சுமார் 4,000 மரபணுக்கள். எச்37ஆர்வி என்ற ஆய்வகக் கிருமியின் முழு வரிசை 1998-இல் வெளியானது. அதன்பிறகு இத்தனை ஆண்டுகளில் உலகமே அதை அலசிவிட்டதால், எந்த எழுத்து மாறினால் எந்த மருந்து வேலை செய்யாது என்பதுவரை தெரியும். உங்கள் விடையைச் சரிபார்க்க இதைவிட நல்ல தரவு கிடைக்காது.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேர் 1956-இல் தொடங்கிய மெட்ராஸ் ஆய்வு. சானடோரியத்தில் படுக்கவைக்காமல் வீட்டிலிருந்தே மருந்து கொடுத்தாலும் நோயாளி குணமாவார் என்று உலகுக்குக் காட்டியது அந்த ஆய்வுதான். நெரிசலான தெருக்களில் இன்றும் இந்த நோய் நம்மோடுதான் இருக்கிறது. படிக்கிற தரவுக்கும் வாழ்கிற ஊருக்கும் தொடர்பு இருந்தால் படிப்பு சலிக்காது.

முதல் வேலை: எண்ணுவது

மரபணு வரிசைகளைச் சேமித்துவைத்திருக்கும் அமெரிக்காவின் என்.சி.பி.ஐ. தளத்துக்குப் போய், நியூக்ளியோடைடு பிரிவில் என்.சி. அடிக்கோடு 000962.3 என்ற எண்ணைத் தேடுங்கள். வரிசையைச் சாதாரண எழுத்தாகத் தரும் ஃபாஸ்டா வடிவத்தில் தரவிறக்குங்கள். முதல் வரி > குறியோடு தொடங்கும், அது பெயர்வரி. மற்றதெல்லாம் ஏ, சி, ஜி, டி.

ஒரு கோப்பில் எத்தனை வரிசைகள் உள்ளன என்று அறிய, > குறியுள்ள வரிகளை கிரெப் கட்டளையால் எண்ணுவது வழக்கம். இங்கே ஓர் ஆபத்து உண்டு. அந்தக் குறியை மேற்கோளுக்குள் போடாமல் எழுதினால், டெர்மினல் அதை 'வெளியீட்டை இந்தக் கோப்பில் எழுது' என்று புரிந்துகொண்டு, உங்கள் ஃபாஸ்டா கோப்பை ஒரு கணத்தில் காலிசெய்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. அதனால் மூலத்தரவைத் தனி ஃபோல்டரில் வைத்து, படிக்க மட்டும் அனுமதி என்று முதல் நாளிலேயே மாற்றிவிடுங்கள்.

இப்போது எந்த ஆயத்த நிரல் நூலகத்தின் உதவியும் இல்லாமல் வெறும் பைத்தானில் அந்தக் கோப்பைப் படித்து, மொத்த எழுத்துகளை எண்ணுங்கள். விடை 4,411,532. உங்களுக்கு 63,022 அதிகமாக வந்தால், ஒவ்வொரு வரியின் கடைசியில் இருக்கும் புதுவரிக் குறியையும் சேர்த்து எண்ணியிருக்கிறீர்கள். வரிக்கு 70 எழுத்து என்று அடுக்கிய கோப்பில் அத்தனை வரிகள் இருக்கும். அதைப்போல் இரண்டு மடங்கு அதிகம் வந்தால், விண்டோஸ் எடிட்டரில் திறந்து சேமித்ததால் வரிமுடிவில் இரண்டு குறிகள் சேர்ந்திருக்கின்றன. பெயர்வரியின் நீளம் மட்டும் கூடியிருந்தால் அதைத் தவிர்க்க மறந்திருக்கிறீர்கள். அடுத்து ஜி, சி இரண்டும் சேர்ந்து எத்தனை சதவீதம் என்று கணக்கிடுங்கள். 65.6 வரவேண்டும்.

உயிரியலுக்கான நிரல் நூலகமான பயோபைத்தானில் இதை மூன்று வரியில் முடிக்கலாம். முதலில் கையால் எழுதுங்கள். பிறகு பயோபைத்தானில் எழுதி இரண்டு விடைகளும் ஒன்றா என்று பாருங்கள். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய புரோகிராமுக்கும் இதே சோதனை பொருந்தும். பத்து எழுத்துள்ள ஒரு வரிசையைக் கொடுத்து, தாளில் போட்ட விடையோடு ஒப்பிடாமல் எந்த நிரலையும் நம்பவேண்டாம்.

இரண்டாவது வேலை: ஒரு மரபணுவை வெட்டியெடுப்பது

ரிஃபாம்பிசின் என்ற மருந்து ஆர்.பி.ஓ.பி. மரபணு உருவாக்கும் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு கிருமியைக் கொல்கிறது. அந்த மரபணு 759,807-ஆம் எழுத்திலிருந்து 763,325-ஆம் எழுத்துவரை உள்ளது. நீளம் 3,519. மூன்றால் வகுத்தால் 1,173 கோடான்கள், அதாவது மூன்றெழுத்துத் தொகுதிகள். கடைசி ஒன்று நிறுத்தக் கோடான், ஆகவே புரதத்தில் 1,172 அமினோ அமிலங்கள்.

பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணும், என்.சி.பி.ஐ. ஒன்றிலிருந்து எண்ணும். எனவே நீங்கள் வெட்டவேண்டியது 759,806 முதல் 763,325 வரை. தொடக்க எண்ணைக் குறைக்க மறந்தால் கோடான் சட்டகம் ஒரு எழுத்து நகர்ந்துவிடும். அப்போது புரதமாக மொழிபெயர்த்தால் நடுவே நடுவே நிறுத்தக் குறிகள் சிதறிக் கிடக்கும். அதைக் கண்டாலே என்ன பிழை என்று புரிந்துகொள்ளலாம். இந்த ஒரு எழுத்துப் பிழை இந்தத் துறையில் எப்போதும் கூடவே வரும். ஜீனோமில் இடங்களைக் குறிக்கும் கோப்பு வடிவங்களில் ஜி.எஃப்.எஃப்., வி.சி.எஃப். ஒன்றிலிருந்து எண்ணுகின்றன; பெட் வடிவம் பூஜ்யத்திலிருந்து. இரண்டையும் கலந்தால் மென்பொருள் பிழை காட்டாது, தவறான விடையைத்தான் அமைதியாகக் கொடுக்கும்.

மொழிபெயர்த்த புரதத்தின் முதல் எழுத்து மெத்தியோனின் இல்லையே என்று பதற வேண்டாம். பாக்டீரியா மரபணுக்கள் ஜி.டி.ஜி., டி.டி.ஜி. ஆகியவற்றிலும் தொடங்கும், அங்கே செல் அதை மெத்தியோனின் என்றே படிக்கும், சாதாரண மொழிபெயர்ப்பு நிரல் அப்படிப் படிக்காது.

இப்போது 450-ஆம் கோடானைக் கண்டுபிடியுங்கள். 449-ஐ மூன்றால் பெருக்கித் தொடக்க எண்ணோடு கூட்டினால் 761,154. அங்கே இருப்பது டி.சி.ஜி., அதாவது செரீன். நடு எழுத்தான 761,155-இல் சி என்பது டி ஆனால் டி.டி.ஜி., லியூசின். ரிஃபாம்பிசின் எதிர்ப்பில் உலகெங்கும் மிக அதிகமாகக் காணப்படும் சடுதிமாற்றம் இதுதான். பழைய ஆய்வுக்கட்டுரைகளில் இதையே 531 என்று எழுதியிருப்பார்கள், ஈ.கோலை கிருமியின் புரத எண்ணைப் பயன்படுத்திய காலம் அது. எந்த எண்ணிடல் முறை என்று கேட்காமல் எந்த சடுதிமாற்றத்தையும் அட்டவணையில் ஏற்றாதீர்கள்.

அடுத்தது கேட்ஜி மரபணு: ஐசோநயசிட் மருந்தைச் செயல்பட வைக்கும் நொதி. இது 2,153,889 முதல் 2,156,111 வரை, ஆனால் எதிர் இழையில். வெட்டியெடுத்த துண்டைத் தலைகீழாக்கி, ஏ-வுக்கு டி, சி-க்கு ஜி என்று இணையெழுத்தைப் போட்ட பிறகுதான் மொழிபெயர்க்க வேண்டும். 740 அமினோ அமிலங்கள் வரவேண்டும். 315-ஆம் கோடான் ஏ.ஜி.சி. என்று வந்தால் சரி. அது ஏ.சி.சி. ஆக மாறினால் மருந்து எதிர்ப்பு. ஆனால் ஜீனோம் கோப்பில் அதே மாற்றம் 2,155,168-இல் சி என்பது ஜி ஆனதாகப் பதிவாகும். ஏன் என்று தாளில் இரண்டு இழைகளையும் எழுதி நீங்களே பாருங்கள். இதை ஒருமுறை கையால் போட்டவர்கள் இழைக் குழப்பத்தில் மறுபடி விழமாட்டார்கள்.

மூன்றாவது வேலை: ஒரு நோயாளியின் மாதிரி

இது இரண்டாம் ஆண்டுக்கான வேலை. எஸ்.ஆர்.ஏ. என்ற பொதுத் தரவுக்கிடங்கில் உலகெங்குமிருந்து பதிவான காசநோய் மாதிரிகள் இருக்கின்றன. டி.என்.ஏ.வைப் படிக்கும் இல்லுமினா கருவியில், ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலிருந்தும், 150 எழுத்து நீளத்தில் படித்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதலில் ஆழத்தைக் கணக்கிடுங்கள்: 15 லட்சம் இணைகள் என்றால் 15 லட்சம் × 300, அதாவது 45 கோடி எழுத்துகள், 44 லட்சத்தால் வகுத்தால் ஏறத்தாழ 100 மடங்கு. 30 மடங்குக்குக் குறைவானதை முதல் முயற்சிக்கு எடுக்கவேண்டாம்.

அந்தத் தரவு வரும் ஃபாஸ்ட்கியூ கோப்பில் ஒவ்வொரு எழுத்தோடும் ஒரு தரமதிப்பு வரும். 20 என்றால் நூற்றில் ஒன்று தவறாக இருக்கலாம்; 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. ஃபாஸ்ட்கியூசி மென்பொருளில் வரைபடத்தைப் பாருங்கள். அது சிவப்புக் குறி காட்டிய எல்லாவற்றையும் 'சரிசெய்ய' முயலவேண்டாம். படிப்பதற்காக ஆய்வகத்தில் ஒட்டிய அடாப்டர் துண்டுகளின் எச்சங்களை ஃபாஸ்ட்பி-யில் வெட்டி, பி.டபிள்யூ.ஏ.-வில் எச்37ஆர்வி மீது பொருத்தி, சாம்டூல்ஸில் வரிசைப்படுத்தி, பி.சி.எஃப்.டூல்ஸில் மாற்றங்களைக் கண்டறியுங்கள்.

தவறுகள் குவிவது இந்தக் கட்டத்தில்தான். பி.சி.எஃப்.டூல்ஸ் இயல்பாக மனிதனைப்போல் இரண்டு பிரதி குரோமோசோம் இருப்பதாகவே எண்ணிக்கொள்ளும்; பாக்டீரியாவுக்கு ஒரு பிரதி என்று பிளாய்டி மதிப்பை 1 ஆக மாற்றுங்கள். மாற்றாவிட்டால், கிருமிக்கு அப்பா ஒன்று அம்மா ஒன்று என்பதுபோல் பாதி-பாதி மாற்றங்களைப் பட்டியலிடும். அடுத்து, பி.இ., பி.பி.இ. என்ற மரபணுக் குடும்பங்கள் ஜீனோமில் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஒன்றுபோல் ஒன்று இருப்பதால் சிறிய துண்டுகள் தவறான இடத்தில் போய் ஒட்டும். அங்கே தெரியும் மாற்றங்களை நீக்கிவிடுவதுதான் துறையின் வழக்கம்.

எச்37ஆர்வியோடு ஒப்பிட்டால் ஒரு நோயாளி மாதிரியில் சில நூறு முதல் இரண்டாயிரத்துச் சொச்சம் வரை மாற்றங்கள் இருக்கும். தென்னிந்தியாவில் பரவலாக உள்ள முதலாம் வம்சாவளி என்றால் எண்ணிக்கை மேல்நோக்கி இருக்கும். 20,000 வந்தால் கொண்டாடாதீர்கள். வேறு கிருமியின் தரவு, அல்லது மாதிரியில் கலப்பு. கடைசியாக, ஜீனோமைத் திரையில் காட்டும் ஐ.ஜி.வி.-யில் 761,155-ஆம் இடத்துக்குப் போய், துண்டுகள் அடுக்கடுக்காக அந்த எழுத்தில் என்ன சொல்கின்றன என்று கண்ணால் பாருங்கள். பிறகு அதே மாதிரியை, மருந்து எதிர்ப்பைக் கணிக்கும் டிபி-புரொஃபைலர் மென்பொருளில் ஓட்டி, உங்கள் முடிவோடு ஒப்பிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இலும் 2023-இலும் வெளியிட்ட சடுதிமாற்றப் பட்டியல்களில் உங்கள் மாற்றம் எந்தத் தரத்தில் இருக்கிறது என்று தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழகுவதற்குப் பொதுத் தரவை மட்டும் எடுங்கள். மருத்துவமனையில் தெரிந்தவர் கொடுத்த நோயாளி அறிக்கை, வீட்டாரின் மரபணுப் பரிசோதனை முடிவு போன்றவற்றை இணையத் தளங்களில் ஏற்றாதீர்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலும் இல்லாமல் அவற்றைத் தொடவே கூடாது.

காசிமேட்டு மீன்களில் ஒரு பரிணாம மரம்

கிருமி வேண்டாம், கண்ணுக்குத் தெரியும் உயிரினம் வேண்டும் என்கிறவர்களுக்கு இது. மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.1 மரபணுவின் சுமார் 650 எழுத்துத் துண்டு, விலங்கினங்களை அடையாளம் காணும் பார்கோடாகப் பயன்படுகிறது. இந்த பார்கோடுகளைச் சேமிக்கும் போல்ட் தரவுத்தளத்திலிருந்து வஞ்சிரம், கானாங்கெளுத்தி, சங்கரா, நெத்திலி, பாரை, வெள்ளை வவ்வால், கறுப்பு வவ்வால் ஆகியவற்றின் வரிசைகளை எடுத்து, மாஃப்ட் மென்பொருளில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தி அடுக்கி, மரம் வரையுங்கள்.

மரம் சரியாக வந்தால் கறுப்பு வவ்வால் வெள்ளை வவ்வாலோடு சேராது; பாரையோடு போய் நிற்கும். சந்தையில் இரண்டும் வவ்வால்தான், ஆனால் வகைப்பாட்டில் கறுப்பு வவ்வால் பாரைக் குடும்பம். நெத்திலி என்று விற்பதிலும் பல இனங்கள் கலந்திருக்கும். அறிவியல் பெயரைப் பார்த்துத்தான் தரவிறக்க வேண்டும்.

மரம் வினோதமாக வந்தால், ஒரு வரிசை எதிர் இழையில் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது தனியாக, மிக நீண்ட கிளையில் தொங்கும். பிறகு எல்லாவற்றையும் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள், முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியாவுக்கான அட்டவணை எண் 2-ஐக் கொண்டு. வழக்கமான அட்டவணையைப் போட்டால் டி.ஜி.ஏ. நிறுத்தக் குறியாகத் தெரியும்; மைட்டோகாண்ட்ரியாவில் அது டிரிப்டோஃபான். சரியான அட்டவணையிலும் நிறுத்தக் குறி வந்தால், அது செல்லின் உட்கருவுக்குள் குடிபெயர்ந்த போலிப் பிரதியாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். பொதுத் தரவுத்தளங்களில் தவறான இனப்பெயரோடு பதிவான வரிசைகளும் உண்டு. ஒரு இனத்துக்குக் குறைந்தது மூன்று வரிசைகள், வெவ்வேறு ஆய்வுகளிலிருந்து எடுங்கள்.

பிளாஸ்ட், புள்ளியியல், எக்ஸெல்

ஒரு வரிசைக்கு ஒத்தவற்றைத் தரவுத்தளத்தில் தேடும் கருவி பிளாஸ்ட். அதன் முடிவில் எல்லோரும் ஈ-மதிப்பை, அதாவது இப்படிப்பட்ட பொருத்தங்கள் தற்செயலாக எத்தனை வரலாம் என்ற எண்ணை, பார்க்கிறார்கள். அந்த எண், தேடிய தரவுத்தளத்தின் அளவைப் பொறுத்து மாறும். சிறிய தரவுத்தளத்தில் கிடைத்த ஈ-மதிப்பையும் பெரியதில் கிடைத்ததையும் நேரடியாக ஒப்பிட முடியாது. ஒப்பிட வேண்டுமானால், பொருத்தத்துக்குக் கிடைத்த மதிப்பெண்ணான பிட்-ஸ்கோரைப் பாருங்கள். கூடவே, வரிசையின் எவ்வளவு நீளம் பொருந்தியது என்பதையும். 30 எழுத்து மட்டும் 100 சதவீதம் பொருந்துவதால் உறவு நிரூபணமாகிவிடாது. பிளாஸ்டுக்கு அடியில் உள்ள கருத்தைப் புரிந்துகொள்ள, ஐந்தெழுத்து வரிசைகள் இரண்டை எடுத்து, 1970-இன் நீடில்மன்–வுன்ஷ் அட்டவணையையும் 1981-இன் ஸ்மித்–வாட்டர்மன் அட்டவணையையும் தாளில் நிரப்புங்கள். தேர்விலும் இதைத்தான் கேட்பார்கள்.

புள்ளியியலில் மறக்கக் கூடாத கணக்கு ஒன்று. 20,000 மரபணுக்களைத் தனித்தனியே சோதித்து, பி-மதிப்பு 0.05-க்குக் கீழே என்றால் ஏற்கிறேன் என்றால், உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாதபோதும் 1,000 மரபணுக்கள் 'முக்கியமானவை' என்று வரும். அதனால்தான் பெஞ்சமினி–ஹாக்பெர்க் திருத்தம். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றை எந்தத் திருத்தமும் தீர்க்காது: நோயாளி மாதிரிகள் எல்லாம் ஒரு நாளிலும், நலமானவர் மாதிரிகள் எல்லாம் வேறு நாளிலும் படிக்கப்பட்டிருந்தால், நீங்கள் காண்பது நோயின் வேறுபாடா நாளின் வேறுபாடா என்று பிரிக்கவே முடியாது. தரவை எடுக்கும்முன் மாதிரி அட்டவணையைப் படியுங்கள்.

மரபணுப் பட்டியலை எக்ஸெலில் திறந்தால் சில பெயர்கள் தேதியாகிவிடும். இந்தத் தொல்லை எவ்வளவு பரவியதென்றால், 2020-இல் மனித மரபணுப் பெயரிடும் குழுவே மார்ச்1, செப்ட்2 போன்ற பெயர்களை மாற்றி அறிவித்தது. பழைய பட்டியல்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. பத்தியை 'டெக்ஸ்ட்' என்று அறிவித்து இறக்குமதி செய்யுங்கள். அல்லது ஆர் மொழியில் திறந்து எக்ஸெலைத் தவிர்த்துவிடுங்கள். ஆர் மொழியை இரண்டாம் ஆண்டில் தொடங்கினால் போதும். முதல் ஆண்டு முழுவதும் பைத்தானுக்கும் லினக்ஸுக்கும்.

புரத அமைப்பு

சென்னையில் படிக்கிறவர் இதைத் தவறவிடக் கூடாது. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் உருவாக்கிய அது இல்லாமல் இன்றும் எந்த அமைப்பையும் சரிபார்ப்பதில்லை. புரத அமைப்புகளைச் சேமிக்கும் பி.டி.பி. தரவுத்தளத்திலிருந்து ஒரு சிறிய புரதத்தை எடுத்து, ஃபை, சை என்ற அந்த மடிப்புக் கோணங்களை நீங்களே கணக்கிட்டு அந்த வரைபடத்தை வரையுங்கள். கிளைசின் மட்டும் எல்லா இடத்திலும் சிதறும். அதன் பக்கச்சங்கிலி வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு என்பதே காரணம். ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கணித்த அமைப்பை எடுத்தால், நிறம் காட்டும் நம்பக மதிப்பை முதலில் பாருங்கள். 50-க்குக் கீழே உள்ள பகுதியின் வடிவத்தை வைத்து எந்த முடிவும் எழுதக் கூடாது.

பயிற்சி இடமும் மேற்படிப்பும்

செய்த வேலையை எல்லாம், நிரல்களை இணையத்தில் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் வையுங்கள்: நிரல், எந்தப் பதிப்பு மென்பொருள், எந்த எண்ணுள்ள மாதிரி, என்ன விடை. மூலத்தரவை ஏற்ற வேண்டாம். அதன் எண் போதும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்போல் ஒன்று வந்து மின்சாரமும் இணையமும் நாள்கணக்கில் போனாலும், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தாலும், உங்கள் உழைப்பு பத்திரமாக இருக்கும்.

கோடைக்காலப் பயிற்சிக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. கிண்டி மெட்ரோவில் இறங்கினால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகமும், அண்ணா பல்கலைக்கழகமும், ஐ.ஐ.டி.யும் எட்டும் தூரம். தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தில் கணினிவழி உயிரியல் குழு உண்டு. கடற்கரை–தாம்பரம் ரயிலில் போனால் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் பத்து வரிக்கு மேல் போகக் கூடாது. அவருடைய ஆய்வுக்கட்டுரை ஒன்றைப் படித்து அதில் உங்களுக்குப் புரியாத ஒரு கேள்வி, நீங்கள் செய்த ஒரு வேலையின் இணைப்பு, எந்த வாரங்களில் வரமுடியும் என்ற விவரம், இவ்வளவுதான். 'பயோஇன்ஃபர்மேடிக்ஸில் ஆர்வம் உண்டு' என்று மட்டும் எழுதி நூறு பேருக்கு அனுப்பினால் பதில் வராது. இந்திய அறிவியல் அகாதமிகளின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கான அறிவிப்பு முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே வந்துவிடும். இரண்டாம் ஆண்டு தீபாவளி சமயத்திலிருந்தே அவர்கள் தளத்தைக் கவனித்துவாருங்கள்.

வகுப்பில் பாடமாக இல்லாதவர்கள், என்.பி.டெல் தளத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் மைக்கேல் குரோமிஹா நடத்தும் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் பாடத்தை இலவசமாகப் பார்க்கலாம். பயோஇன்ஃபர்மேடிக்ஸ் பயிற்சித் தளமான ரோசலிண்டின் கணக்குகளை வாரத்துக்கு இரண்டு என்று போட்டுவந்தால் நிரல் எழுதும் கை பழகிவிடும்.

முதுநிலைக்கு ஜாம் தேர்வின் பயோடெக்னாலஜி தாள் முக்கியமான வாசல். அதில் உயிரியலோடு பிளஸ் டூ தரத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல் கேள்விகளும் வரும். முதல் ஆண்டில் கணிதத்தைப் பிடித்தவர்களுக்கு அது கைகொடுக்கும் இடம் இது. கேட் தேர்வை பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். உயிரித் தொழில்நுட்ப முதுநிலைப் படிப்புகளுக்கான கேட்-பி தேர்வு அதிலிருந்து வேறானது; பெயர் ஒத்திருப்பதால் ஒன்றுக்கு விண்ணப்பித்துவிட்டு மற்றதைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. பரிந்துரைக் கடிதம் கேட்கும் இடங்களுக்கு, உங்கள் புராஜெக்டைப் பார்த்த ஆசிரியரிடம் கடைசி நாளுக்கு மூன்று வாரம் முன்பே கேளுங்கள். கேட்கும்போதே கிட்ஹப் இணைப்பையும், அதில் அவர் எதைக் குறிப்பிடலாம் என்ற இரண்டு வரிக் குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.